நான்கு நோட்டு நிறைய எழுதியும் ஒரு கமாண்டு நினைவில் நிற்கவில்லை

43 வயது வாசகி ஒருவர் ஆறு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

சிவில் டிப்ளமோ படித்தவர். டிராயிங் போர்டில் கை பழகி, ஆட்டோகேட் என்ற கணினி வரைபட மென்பொருளுக்கு மாறி, 2012 வரை ஒரு கட்டட ஆலோசனை அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் இருந்தார். குழந்தைகளுக்காக வேலையை விட்டவர், 11 ஆண்டு கழித்து இப்போது வேறொரு அலுவலகத்தில் எட்டு மாதமாக அதே வேலையைப் பார்க்கிறார். அதற்குள் மென்பொருள் பல பதிப்புகள் தாண்டிப் போய்விட்டது. பக்கத்து இருக்கைத் தம்பி சொல்லித்தருகிற ஒவ்வொரு ஷார்ட்கட்டையும் எழுதி எழுதி நான்கு நோட்டு நிறைந்துவிட்டது. போனில் 1,140 ஸ்கிரீன்ஷாட். ‘பிறகு பார்க்க’ என்று ஒதுக்கிய வீடியோக்களுக்குக் கணக்கே இல்லை. ஆனால் வேலை நடுவில் தேவைப்படும்போது ஒன்றும் வருவதில்லை. “நேத்துதானேக்கா சொன்னேன்” என்று தம்பி சிரித்தால் அழுகை முட்டுகிறதாம். “ஸ்பீடு பத்தலை” என்று மேலாளர் இரண்டு முறை சொல்லிவிட்டார். ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்தியது: “கரன்ட் போனாலும் அஞ்சறைப் பெட்டியில் கடுகு எங்கே என்று என் கைக்குத் தெரியும். ஆபீஸில் அதே கை ஊமையாகிவிடுகிறது.”

18,000 ரூபாய் கட்டி ‘500 ஷார்ட்கட்’ பயிற்சியில் சேரலாமா? கொழுந்தனார் ‘கிராக்’ பதிப்பு, அதாவது திருட்டுப் பிரதி, போட்டுத்தருகிறேன் என்கிறார், வீட்டில் பழகலாமா? அவர்களாக அனுப்புவதற்குள் நானே ராஜினாமா செய்துவிடலாமா? கடைசியாக ஒன்று: எழுபது தாண்டி மறதி நோய் கண்ட அம்மாவைப் போல எனக்கும் இப்போதே ஆரம்பித்துவிட்டதா?

அன்புள்ள தோழிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது அதுதான். கடிதத்தைப் படித்து யாருக்கும் நோய் இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் எந்தத் தேதியில் யார் என்ன சொன்னார் என்று வரிசை பிசகாமல் ஆறு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மறதி நோய் பொதுவாக ஒரு மென்பொருளில் மட்டும் தலைகாட்டாது. கேட்டதையே திரும்பக் கேட்பது, பழகின தெருவில் தடுமாறுவது, கட்டிய பில்லை மறுபடி கட்டப் போவது என்று பல இடத்திலும் எட்டிப்பார்க்கும். பெரும்பாலும் நமக்கு முன்னால் வீட்டிலிருப்பவர்கள் கவனித்துவிடுவார்கள். அப்படி ஏதாவது இருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

அதைவிட என் கண்ணில் பட்டது வேறு. இரவு 12க்குப் படுத்து 4.45க்கு எழுந்துகொள்கிறீர்கள். பகலில் கற்றது மூளையில் படிவதற்குத் தூக்கம் வேண்டும். ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிவிட்டு நினைவாற்றலைக் குறை சொல்வது நியாயமில்லை. நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்குத் தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைபாடு, மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய மாற்றங்கள் எல்லாமே கவனத்தைக் குலைக்கக்கூடியவை. குடும்ப மருத்துவரிடம் சொல்லி ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வல்லாரை கேப்சூல் சாப்பிடுவதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். துவையலாக அரைத்துச் சாப்பிட்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆட்டோகேடின் டைமென்ஷன் ஸ்டைலை நினைவுபடுத்தும் மாத்திரை என்று ஒன்று கிடையாது.

இனி, நீங்கள் படமெடுத்து அனுப்பிய நோட்டுப் பக்கங்களுக்கு வருவோம். எனக்கு ஆட்டோகேட் தெரியாது. வரைவாளர்களுக்குப் பல வருடமாகப் பயிற்சி தரும் உறவினர் ஒருவரை வீட்டுக்கு அழைத்து, பக்கத்தில் உட்காரவைத்துத்தான் அவற்றைப் படித்தேன். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

முதல் நோட்டில், ஜூன் மாதம்: “மிரர் செய்தால் எழுத்து திரும்பினால் மிர்டெக்ஸ்ட் 0.” (மிரர் என்பது வரைந்ததைக் கண்ணாடிப் பிம்பம்போலத் திருப்பிப் போடும் கமாண்டு; அப்போது எழுத்து திரும்பாமல் காப்பது மிர்டெக்ஸ்ட் என்ற அமைப்பு.) இரண்டாவது நோட்டில், ஆகஸ்டில் அதே வரி, அடிக்கோட்டுடன். மூன்றாவதில், நவம்பரில், சிவப்பு மையில், பெட்டி கட்டி, பக்கத்தில் “முக்கியம்!!” மூன்று முறையும் எழுதியிருக்கிறீர்கள், ஒரு முறையாவது திரும்பிப் பார்த்தீர்களா? எழுதி முடித்ததும் மனசுக்கு ஒரு நிம்மதி வருகிறது, ‘பத்திரமாக இருக்கிறது, இனி நான் சுமக்க வேண்டாம்’ என்று. பத்திரமாகத்தான் இருக்கிறது, பூட்டிய பீரோவில். சாவி எங்கே என்பதுதான் தெரியவில்லை.

இன்னொரு பக்கத்தைப் பார்த்து உறவினர் சிரித்துவிட்டார். “டிரிம் கூட ஒழுங்காக வரவில்லை, டி.ஆர். அடித்து இரண்டு என்டர் தட்டினால் கமாண்டே வெளியே போய்விடுகிறது, என்ன தப்பு செய்கிறேன் என்றே தெரியவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தப்பு ஒன்றுமில்லை. டிரிம் என்பது கோட்டில் வேண்டாத துண்டை வெட்டி எடுக்கும் கமாண்டு. நீங்கள் வேலை பார்த்த காலத்தில் டி.ஆர்., என்டர், இன்னொரு என்டர் என்றால் எல்லாக் கோடுகளையும் வெட்டும் விளிம்பாக எடுத்துக்கொள் என்று பொருள். 2021 பதிப்பிலிருந்து டிரிம் வேறு முறையில் ஓடுகிறது. விளிம்பைத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம், நேராக வெட்ட வேண்டியதைத் தொட்டால் போதும். அந்த முறையில் இரண்டாவது என்டர் தட்டினால் கமாண்டு முடிந்துவிடும். டிரிம்எக்ஸ்டெண்ட்மோட் என்ற அமைப்பில் 0 கொடுத்தால் பழைய முறையே திரும்ப வரும். புது முறையே வேகம், ஒரு வாரம் பழகிப் பார்க்கட்டும் என்பது உறவினரின் கருத்து. எனக்கு இதில் முக்கியமாகப்பட்டது ஒன்றுதான்: 11 வருடம் கழித்தும் உங்கள் விரல் அந்த இரண்டு என்டரை மறக்கவில்லை. இதையா ஞாபக மறதி என்கிறீர்கள்?

கையின் நினைவு வேறு, சொல்லிக்காட்டும் நினைவு வேறு. 1953இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஓர் அமெரிக்கருக்கு, அதன் பிறகு புதிதாக எதுவுமே நினைவில் நிற்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரைக் கண்ணாடியில் மட்டும் பார்த்தபடி ஒரு நட்சத்திரத்தின் இரட்டைக் கோடுகளுக்கு நடுவே பென்சில் ஓட்டச் சொன்னார். கண்ணாடியில் பார்த்து வரைந்தால் கை எதிர்த்திசையில் போகும். யாருக்கும் முதலில் கோணும். மூன்று நாள் பழகியதில் அவர் சுத்தமாக வரையத் தொடங்கிவிட்டார். ஆனால் இதை முன்பு செய்ததாக அவருக்கு நினைவே இல்லை. தலை மறந்ததைக் கை கற்றுக்கொண்டது.

உங்கள் நான்கு நோட்டும் தலைக்காக எழுதியவை. ஷார்ட்கட்டில் பாதி கைக்குச் சேர வேண்டியது. இரண்டையும் ஒரே நோட்டில் போட்டுக் கலக்கியதால்தான் இரண்டும் நிற்கவில்லை. உங்கள் உவமையையே எடுத்துக்கொண்டு, இருப்பதை மூன்றாகப் பிரிப்போம்.

அஞ்சறைப் பெட்டி

ஒரு நாளில் பத்துத் தடவைக்கு மேல் கை வைக்கிற கமாண்டுகள் இங்கே. கோடு, ஆஃப்செட், டிரிம், ஃபில்லெட், காப்பி, மூவ், மிரர், எஃப்3, எஃப்8 என்று பத்துப் பன்னிரண்டு தேறும், அதற்குமேல் வேண்டாம். இவற்றை எங்கேயும் எழுதாதீர்கள். அஞ்சறைப் பெட்டியில் ‘கடுகு’, ‘சீரகம்’ என்று யாராவது சீட்டு ஒட்டுகிறோமா? வாரம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்த வாரம் முழுவதும் அதன் ஐகானைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் வேகம் குறையும், எரிச்சல் வரும். மைக்ரோசாஃப்ட் வேர்டில் பழுத்தவர்களிடம் 2005இல் வெளியான ஓர் ஆய்வில், அவர்களிலேயே பெரும்பாலோர் ஷார்ட்கட்டைவிட ஐகானைச் சொடுக்குவதைத்தான் வழக்கமாக வைத்திருந்தார்கள் என்று தெரிந்தது. அந்த இரண்டு நாள் எரிச்சலைத் தாண்ட யாருக்கும் நேரமில்லை, அவ்வளவுதான். அதனால் டிராயிங் அனுப்ப வேண்டிய நாளில் புதிய பழக்கத்தை ஆரம்பிக்காதீர்கள்.

அலமாரி

வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒரு முறை தேவைப்படுபவை. எழுத வேண்டியது இவற்றைத்தான், ஆனால் தலைகீழாக. ‘மிர்டெக்ஸ்ட்’ என்று தலைப்பிட்டால், அந்தப் பெயர் தெரிந்திருந்தால்தான் தேட முடியும். தெரிந்திருந்தால் ஏன் தேடப் போகிறீர்கள்? கோளாறைத் தலைப்பாக்குங்கள், உங்கள் பேச்சுத் தமிழிலேயே. கையளவு அட்டை ஒன்றில் முன்பக்கம்: “மிரர் பண்ணினேன், எழுத்து கண்ணாடியில் பார்த்த மாதிரி ஆகிடுச்சு.” பின்பக்கம்: “கண்ட்ரோல் இசட். மிர்டெக்ஸ்ட் 0. மறுபடி மிரர். பழைய டிராயிங்கில்தான் வரும், அந்த ஃபைலோடு சேர்ந்தே சேமிக்கப்படும் அமைப்பு.” காரணத்தையும் அரை வரி எழுதுவது நல்லது, காரணம் தெரிந்தது மறப்பதில்லை.

இதேபோல, “ஓப்பன் கொடுத்தால் பெட்டி வராமல் கீழே பெயர் கேட்குது” என்றால் ஃபைல்டயா 1. “இரண்டு கோடும் மூலையில் சேரல” என்றால் ஃபில்லெட் போட்டு, இரண்டாவது கோட்டைத் தொடும்போது ஷிஃப்டை அழுத்திப் பிடிப்பது. “ஒரு லேயரை மட்டும் பார்க்கணும்” (லேயர் என்பது வரைபடத்தின் ஓர் அடுக்கு) என்றால் லேஐசோ, பழையபடி திரும்ப லேஅன்ஐசோ. உங்கள் நான்கு நோட்டையும் சலித்தால் நாற்பது அட்டை தேறும் என்றார் உறவினர். மீதியெல்லாம் ஒன்றையே திரும்பத் திரும்ப எழுதியது.

அட்டையைப் படிக்காதீர்கள். முன்பக்கத்தைப் பார்த்து விடையைச் சொல்லிப் பார்த்து, அப்புறம் திருப்புங்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்களையும், படித்ததைத் தாமே நினைவுகூர்ந்து பார்த்தவர்களையும் 2006இல் அமெரிக்காவில் ஒப்பிட்டார்கள். படித்தவர்களுக்குத்தான் நம்பிக்கை அதிகம். ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்ததோ, நினைவுகூர்ந்து பார்த்தவர்களுக்கு. செபாஸ்டியன் லைட்னர் என்ற எழுத்தாளர் 1970களில் சொன்ன ஏற்பாட்டைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டால் இதற்கு எளிது: அட்டைப் பெட்டியில் மூன்று தடுப்பு. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த தடுப்புக்கு, தவறினது முதல் தடுப்புக்கே. முதல் தடுப்பை தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒரு முறை, மூன்றாவதை வாரம் ஒரு முறை பாருங்கள். காலையில் கணினி உயிர்பெறும் நேரம் போதும். தவறின அட்டையை ஒரு வெற்று டிராயிங்கில் ஒரு தரம் செய்தும் பார்த்துவிடுங்கள்.

பரண்

வருடத்துக்கு இரண்டு தடவை தேவைப்படுவதை நினைவில் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் போதும். அலுவலகக் கணினியில் ஒரே ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வைத்து அதில் வரிவரியாகப் போடுங்கள். தேடினால் கிடைக்கும்படி இருந்தால் சரி. தவிர, ஆட்டோகேடே பாதியை நினைவு வைத்துக்கொள்கிறது. கமாண்டு வரியில் பெயரின் ஒரு துண்டை அடித்தாலே அந்தத் துண்டு வரும் பெயர்களையெல்லாம் பட்டியலாகக் காட்டும். லேயர் சம்பந்தப்பட்டவை பெரும்பாலும் ‘லே’ என்றும், அளவு குறிப்பவை ‘டிம்’ என்றும் தொடங்கும். வீட்டுப் பெயர் தெரிந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா?

கமாண்டின் சுருக்கெழுத்துகளை இஷ்டப்படி மாற்றிக்கொள்ளும் வசதியும் உண்டு. இப்போதைக்குத் தொட வேண்டாம். வேறு கணினியில் உட்கார்ந்தால் கை மறுபடி திணறும். சொல்லித்தருபவருக்கும் உங்களுக்கும் பாஷை பொருந்தாது.

தம்பியும் மவுஸும்

கடிதத்தில் நீங்கள் சாதாரணமாகச் சொல்லிக் கடந்துபோன ஒரு காட்சி இது. நீங்கள் கேட்டதும் தம்பி “தள்ளுங்கக்கா” என்று மவுஸை வாங்கி, நான்கு நொடியில் செய்து முடித்து, “அவ்ளோதான்” என்று போய்விடுகிறார். நீங்கள் நோட்டை எடுக்கிறீர்கள். அந்த நான்கு நொடியில் பழகியது யார் கை?

இனிமேல் மவுஸைக் கொடுக்காதீர்கள். “தம்பி, நீ வாயால சொல்லு, நான் பண்றேன்” என்று சொல்லுங்கள். அவருக்குப் பொறுமை போகும். பரவாயில்லை, டீ வாங்கிக் கொடுங்கள். முடிந்ததும் ஒரு முறை அன்டூ செய்து, அவர் வாய் திறக்காமல் நீங்களே இன்னொரு முறை செய்யுங்கள். கேட்பதற்கு முன்பும் இரண்டு நிமிடம் நீங்களே முயன்று பாருங்கள். முயன்று தோற்ற பிறகு கிடைத்த விடை தங்கும். அப்புறம் அவர் சிரிப்பு. உங்களை அவமானப்படுத்தச் சிரிக்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் டிராயிங் போர்டில் ஒரு செக்‌ஷனைக் கையால் வரைந்திருக்கவே மாட்டார். தாளில் எது தடித்த கோடு, எது மெல்லிய கோடு என்று உங்கள் கண்ணுக்கு உடனே தெரிவது அவருக்குத் தெரியுமா? கேட்டுப் பாருங்கள்.

பணம், சட்டம், போன்

18,000 ரூபாய் கட்ட வேண்டாம். ஐந்நூறு ஷார்ட்கட் உங்களுக்குத் தேவையில்லை. இருக்கிற நாற்பதே கையில் ஏறாதபோது இன்னும் நானூற்று அறுபதை எங்கே வைப்பீர்கள்? புதிய பதிப்பில் என்ன மாறியிருக்கிறது என்று மட்டும் இரண்டு நாள் உட்காரவைத்துக் காட்டுபவர் கிடைத்தால், அதற்குச் செலவு செய்யலாம்.

கிராக் பதிப்பு வேண்டவே வேண்டாம். வழக்கறிஞர் தோழியிடம் கேட்டேன். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவதே 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் குற்றம்: 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வருமான நோக்கமோ தொழில் தொடர்போ இல்லாவிட்டால் சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு இடமுண்டு. ஆனால் சம்பளத்துக்குச் செய்யும் வேலைக்காகப் பழகும் நீங்கள் அந்தச் சலுகையை நம்பி இறங்க வேண்டாம். அதில் ஒட்டிக்கொண்டு வரும் வைரஸ் பென்டிரைவ் வழியாக அலுவலகத்துக்குப் போனால் வேறு வினை. உங்களுக்கு ஒதுக்கிய லைசென்ஸை வீட்டிலும் பயன்படுத்த வழியிருக்கிறதா என்று அலுவலகத்திலேயே கேளுங்கள். இல்லையென்றால் அரை மணி முன்னதாகப் போங்கள். லிப்ரேகேட் போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு, ஆனால் அவற்றின் கமாண்டுகள் வேறுபடும். உங்கள் கையை மேலும் குழப்புவதுதான் மிச்சம்.

அந்த 1,140 ஸ்கிரீன்ஷாட்டில் வாடிக்கையாளரின் பெயர் போட்ட டிராயிங்குகள் எத்தனை இருக்கும்? சொந்த போனில், பிள்ளைகளின் ஃபீஸ் ரசீதுகளுக்கு நடுவே அவை கிடக்கின்றன. வேலையில் சேர்ந்தபோது கையெழுத்திட்ட தாள்களை எடுத்துப் படியுங்கள்; ரகசியம் காப்பது பற்றி ஒரு வரி அநேகமாக இருக்கும். தேவையானதை அட்டைக்கு மாற்றிவிட்டு மற்றதை அழித்துவிடுங்கள். நல்லெண்ணத்தில் எடுத்த படங்கள்தான். மனஸ்தாபத்தோடு வேலையை விட நேர்ந்தால் யாரும் அந்த நல்லெண்ணத்தைப் பார்க்க மாட்டார்கள்.

ராஜினாமா

இப்போது வேண்டாம். “ஸ்பீடு பத்தலை” என்றால் எதில் என்று நீங்கள் இதுவரை கேட்கவே இல்லை. அதற்கு முன் மூன்று நாள் ஒரு துண்டுத் தாளில் நேரத்தைக் குறியுங்கள்: வரைய எவ்வளவு, ஃபைலைத் தேட எவ்வளவு, திருத்தத்தைப் புரிந்துகொள்ள எவ்வளவு, ஒரே தாளை மறுபடி வரைய எவ்வளவு. உறவினரின் அனுபவத்தில் புதிதாக வருபவர்கள் நேரத்தை இழப்பது ஷார்ட்கட்டில் குறைவு, தெளிவில்லாத திருத்தங்களில் அதிகம். அந்தத் தாளோடு மேலாளரிடம் போய், “சார், எனக்கு இந்த இடத்தில்தான் நேரம் போகிறது. இரண்டு மாதத்தில் எந்த அளவுக்கு எதிர்பார்க்கிறீர்கள்?” என்று கேளுங்கள். அவர் ஒரு அளவு சொன்னால் உங்களுக்கு ஒரு இலக்கு கிடைக்கும். சொல்லாமல் மழுப்பினால் அதுவும் ஒரு தகவல்தான். அப்போது வெளியே வேலை தேடத் தொடங்கலாம், கையில் சம்பளத்தோடு.

புது வருடத்தில் புதிதாக ஆரம்பிக்கலாம் என்று ஐந்தாவது நோட்டு ஒன்று, 200 பக்கம், வாங்கி வைத்திருப்பதாகக் கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். அதை மகளிடம் கொடுத்துவிடுங்கள்.